வூமராவில் சந்தித்த இரண்டு கிளைகள்

சிட்னியிலிருந்து பெர்த்துக்குப் போகும் 'இந்தியன் பசிபிக்' ரயில் வெஸ்ட்மீட் நிலையத்தில் நிற்பதில்லை. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வென்ட்வொர்த்வில், டூங்காபி நிலையங்களையும் அது நிற்காமலே கடக்கிறது. நீலமலைகளில் ஏறி இறங்கி, புரோக்கன் ஹில், அடிலெய்ட், போர்ட் அகஸ்டா வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளிக்குள் நுழைகிறது. பிம்பா என்ற சிற்றூரைத் தாண்டியதும் தண்டவாளத்தின் ஓரமாக வெள்ளை வெளேரென்று ஒரு உப்பு ஏரி விரிகிறது. அதன் பெயர் லேக் ஹார்ட். பெரும்பாலான நாட்களில் அதில் தண்ணீர் கிடையாது. ஏரியின் இன்னொரு கரையில், 1960களின் தொடக்கத்தில் வூமரா சோதனைக்களத்துக்காக எழுப்பிய ராக்கெட் ஏவுதளத்தின் கான்கிரீட் மிச்சங்கள் இன்றும் நிற்கின்றன.

1964 ஜூன் 5 முதல் 1970 ஜூன் 12 வரை அந்தத் தளத்திலிருந்து பத்து ராக்கெட்டுகள் கிளம்பின. பத்திலும் அடிக்கட்டமாக இருந்தது 'புளூ ஸ்ட்ரீக்'. மாஸ்கோவரை அணுகுண்டைக் கொண்டுபோவதற்கென்று பிரிட்டன் வடிவமைத்த ஏவுகணை அது. அதைத் தூக்கியவை ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் செய்த இரண்டு ஆர்இசட்-2 எஞ்சின்கள். மேற்கு சிட்னியின் தமிழ்ப் பிள்ளைகளிடம் ராக்கெட் என்றால் ஸ்ரீஹரிகோட்டாவும் கேப் கனாவரலும்தான் நினைவுக்கு வரும். தங்கள் வீட்டருகே ஓடும் தண்டவாளத்தின் வழியில் ஐரோப்பா கூட்டாகச் செய்த முதல் பெரிய ராக்கெட் முயற்சி நடந்ததும், திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் இன்று முழங்கும் எஞ்சினுக்கும் அதற்கும் உறவு இருப்பதும் பள்ளிப் பாடத்தில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டிய வரலாறு அது. ஆனால் எஞ்சினை மட்டும் சொல்லி அந்த வரலாற்றை முடித்துவிட முடியாது. அந்த எஞ்சின் பறந்த பாதைக்குக் கீழே மனிதர்கள் இருந்தார்கள்.

முதலில் எஞ்சின். ஓர் ஆர்இசட்-2 தந்த உந்துவிசை சுமார் 68 டன். இரண்டும் சேர்ந்து 136 டன். நூறு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள ராக்கெட்டைத் தரையிலிருந்து கிளப்ப அது போதும். எரிபொருள் மண்ணெண்ணெய், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன். இரண்டு எஞ்சின்களும் நொடிக்கு அரை டன்னுக்கும் அதிகமான திரவத்தைக் குடித்தன. இரண்டரை நிமிடத்தில் தொட்டிகள் காலி. இந்த வேகத்தில் திரவத்தை ஊட்டுவதற்கு, எரிபொருளில் ஒரு சிறு பங்கைத் தனியே எரித்து, அதில் வரும் வாயுவால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அந்த டர்பைனால் பம்புகளை ஓட்டினார்கள்.

பம்பின் ஒரு பக்கம் மைனஸ் 183 பாகையில் ஓடும் ஆக்சிஜன். அங்கிருந்து எட்டித் தொடும் தூரத்தில் 3,000 பாகை செல்சியஸைத் தாண்டும் எரியறை. எந்த உலோகச் சுவரும் அந்த வெப்பத்தில் சில நொடிகள்கூடத் தாங்காது. ஆகவே சுவரையே மெல்லிய குழாய்களை வரிசையாகப் பற்றவைத்துக் கட்டினார்கள். எரியப்போகும் மண்ணெண்ணெய் முதலில் அந்தக் குழாய்களுக்குள் ஓடிச் சுவரைக் குளிரவைக்கும். பிறகு மேலே போய், எண்ணற்ற துளைகள் கொண்ட ஒரு தட்டின் வழியாக எரியறைக்குள் பீறிடும். சுவரைக் காப்பாற்றுவதும் சுவருக்குள் நெருப்பாவதும் ஒரே திரவம். இருபதாம் நூற்றாண்டுப் பொறியியலின் மிக அழகான யோசனைகளில் இது ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த யோசனைகள் ரோல்ஸ்-ராய்ஸில் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் ராக்கெட்டைன் நிறுவனத்தின் எஸ்-3 எஞ்சினுக்கு உரிமம் பெற்று, முதலில் அதை ஆர்இசட்-1 என்ற பெயரில் செய்து பார்த்து, பிறகு பல உறுப்புகளை மாற்றி வடிவமைத்ததுதான் ஆர்இசட்-2. எஸ்-3 அமெரிக்காவின் ஜூபிட்டர் ஏவுகணையைத் தூக்கியது. அதன் நெருங்கிய உடன்பிறப்பு தோர் ஏவுகணையைத் தூக்கியது. அவற்றுக்கும் முந்தைய தலைமுறையைத் தேடினால் 1940களின் இறுதிக்குப் போக வேண்டும். அப்போது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தின் பொறியாளர்கள், போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மனியின் வி-2 ராக்கெட் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வி-2 எஞ்சின் சுமார் 25 டன் உந்துவிசை தந்தது. 1942 அக்டோபர் 3 அன்று ஜெர்மனியின் பீனமுண்டேயிலிருந்து அது முதல்முறை வெற்றியாகப் பறந்தபோது, அந்த அளவில் ஒரு திரவ எஞ்சின் உலகில் வேறெங்கும் இல்லை. அதன் எரியறையைப் பார்த்தாலே அவசரம் தெரியும். எரியறையின் தலையில் 18 தனித்தனிக் கிண்ணங்கள்; ஒவ்வொன்றும் ஏற்கெனவே சோதித்து வைத்திருந்த ஒரு சிறிய எஞ்சினின் தலை. பெரிய தலை ஒன்றைச் செய்ய நேரமில்லாததால் வால்டர் தீல் தலைமையிலான குழு சிறியவற்றையே கூட்டிப் பொருத்திவிட்டது. தட்டையான ஒரே தட்டு வழியாக எரிபொருளைச் செலுத்தும் முயற்சியும் நடந்தது. ஆனால் நெருப்பு நிதானமாக எரியாமல் அதிர்ந்து குமுறியது. 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயின் மீது குண்டு வீசிய இரவில் தீல் இறந்துபோனார். வி-2 கடைசிவரை 18 கிண்ணங்களோடுதான் பறந்தது.

அதைச் செய்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வி-2 உற்பத்திக்காக மலைக்கு அடியில் குடைந்த சுரங்கங்களில் வேலை வாங்கப்பட்டவர்கள் மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகள். அந்த முகாமில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள். லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் அந்த ராக்கெட் விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்யும்போது இறந்தவர்களே அதிகம்.

ஜெர்மானியர்கள் கைவிட்ட தட்டையான தட்டை அமெரிக்கர்கள் சாதித்துக்காட்டினார்கள். வி-2 எஞ்சினின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, 18 கிண்ணங்களுக்குப் பதில் ஒரே தட்டை வைத்து, உந்துவிசையை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். 75,000 பவுண்டு விசை, 110 நொடி எரிப்பு. அதனால் 75-110 என்றே பெயர். 1953 ஆகஸ்டில் ரெட்ஸ்டோன் ஏவுகணை இந்த எஞ்சினோடு பறந்தது. அதற்கும் எரிபொருள் வி-2வைப் போலவே ஆல்கஹால்தான். அடுத்த தலைமுறையில் ஆல்கஹாலுக்குப் பதில் மண்ணெண்ணெய் வந்தது, சுவர் குழாய்களால் ஆனது, விசை இரண்டு மடங்கானது. அங்கிருந்து எஸ்-3, எஸ்-3இலிருந்து ஆர்இசட்-2.

ரோல்ஸ்-ராய்ஸில் ராக்கெட் பிரிவை நடத்தியவர் வால் கிளீவர். விண்வெளிப் பயணத்தைக் கனவாகவே சுமந்த மனிதர். பிரிட்டனின் கோளிடைச் சங்கத்தில் நீண்டகாலம் பாடுபட்டவர். இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்து மாவட்டத்தில் ஸ்பேடாடம் என்ற சதுப்புநிலத்தில் சோதனை மேடைகள் எழுந்தன. அங்கே எஞ்சின்களை இரும்புக் கட்டுகளில் பூட்டி எரித்துப் பார்த்தார்கள். ராக்கெட்டின் உடலை டி ஹாவிலண்ட் நிறுவனம் கட்டியது. அந்த உடலின் தோல் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள துருவேறா எஃகு. உள்ளே வாயு அழுத்தம் இல்லாவிட்டால் தன் எடையாலேயே சுருங்கி மடிந்துவிடும். கால்பந்துபோல் காற்றடைத்துத்தான் அதை நிமிர்த்தி வைக்க முடியும்.

இத்தனை நுட்பமான ஒரு பொருள் ஆயுதமாகத் தோற்றதற்கு அதன் எரிபொருளே காரணமாயிற்று. திரவ ஆக்சிஜனைத் தொட்டியில் நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது. கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். எதிரியின் ஏவுகணை கிளம்பியது தெரிந்த பிறகுதான் நிரப்பத் தொடங்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். சோவியத் ஏவுகணை பிரிட்டனை வந்தடையும் நேரமும் சில நிமிடங்கள்தான். பூமிக்கு அடியில் கான்கிரீட் கிணறுகள் தோண்டி அவற்றில் வைத்துப் பாதுகாக்கலாம் என்று யோசித்தார்கள், செலவு எகிறியது. 1960 ஏப்ரல் 13 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஹெரால்ட் வாட்கின்சன், புளூ ஸ்ட்ரீக்கை ஆயுதமாகக் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிடுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதுவரை சுமார் ஆறரைக் கோடி பவுண்டு செலவாகியிருந்தது. வூமராவில் அப்போது ஒரு புளூ ஸ்ட்ரீக்கும் பறந்திருக்கவில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவில் அதற்கான வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 1946இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வூமரா சோதனைக்களம் உருவானது. பிரிட்டனில் நூறு மைல் தூரம் ராக்கெட் விட இடமில்லை. ஆஸ்திரேலியாவின் வரைபடத்திலோ தெற்கு ஆஸ்திரேலியாவின் நடுவிலிருந்து வடமேற்கே 'எண்பது மைல் கடற்கரை' என்ற இடம்வரை ஒரு நேர்கோடு இழுக்க முடிந்தது. அதிகாரிகளின் பார்வையில் அந்தக் கோட்டின் கீழே எதுவும் இல்லை. கோட்டின் மறுமுனையில் டல்கார்னோ என்ற இடத்தில், ஏவுகணை விழுவதைக் கண்காணிக்க ஒரு சிற்றூரையே கட்டினார்கள். ஆயுதத் திட்டம் நின்றதும் அது மூடப்பட்டது. நடுவழியில் 1956இல் கைல்ஸ் வானிலை நிலையம் வந்தது. லென் பீடெல் என்ற நிலஅளவையாளர் தன் குழுவோடு பாலைவனத்துக்குள் சாலைகளைப் போட்டுக்கொண்டே போனார். 1958இல் முடிந்த 'கன்பேரல் நெடுஞ்சாலை' அவற்றில் புகழ்பெற்றது. இன்று நான்கு சக்கர வண்டியில் சாகசப் பயணம் போகிறவர்கள் விரும்பும் அந்தப் பாதை ராக்கெட்டுக்காகப் போட்டது.

நிலம் காலியாக இல்லை என்பதை அரசு அறியாமல் செய்தது என்று சொல்லத் துணிபவர்கள் 1947ஆம் ஆண்டின் பத்திரிகைகளைப் புரட்டினால் போதும். அடிலெய்டின் மருத்துவர் சார்லஸ் டூகிட் அப்போதே எதிர்த்தார். தெற்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர், இந்தச் சோதனைக்களத்தை முன்னிட்டு அந்தப் பதவியைத் துறந்தார். மானிடவியலாளர் டொனால்ட் தாம்சனும் அவரோடு நின்றார். எதிர்ப்புக்குப் பதிலாக அரசு செய்த ஏற்பாடு, பூர்வகுடி ரோந்து அலுவலர் என்ற ஒரு பதவியை உருவாக்கி வால்டர் மெக்டூகல் என்பவரை நியமித்தது. லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பாலைவனத்துக்கு ஒரு மனிதர்.

மெக்டூகல் தன் வேலையை உண்மையாகவே செய்யப் பார்த்தார். 1956இல் மரலிங்கா அணுகுண்டுச் சோதனைகளின் காலத்தில், மக்களின் நிலை குறித்து அவர் வெளிப்படையாகக் குறைகூறியபோது, அரசின் தலைமை விஞ்ஞானி ஆலன் பியூட்மென்ட் எழுதிய கடிதம் ஆவணங்களில் இருக்கிறது. ஒரு கையளவு பூர்வகுடிகளின் நலனைப் பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகளின் நலனுக்கு மேலாக இந்த அலுவலர் வைக்கிறார் என்பது அதில் அவர் வைத்த குற்றச்சாட்டு. வூமராவின் நிர்வாகம் எந்தத் தராசில் எதை நிறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

1964இல் முதல் புளூ ஸ்ட்ரீக் பறக்கத் தயாரானபோது, அதன் மிச்சங்கள் விழக்கூடிய பகுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்சிவல் ஏரிகள் இருந்தன. மெக்டூகலும் டெர்ரி லாங் என்ற இன்னொரு ரோந்து அலுவலரும் அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று தேடிப் போனார்கள். இருந்தார்கள். மார்ட்டு இனத்தைச் சேர்ந்த இருபது பேர். எல்லாருமே பெண்களும் குழந்தைகளும். ஊற்றுகளையும் மணல்மேடுகளையும் அறிந்து, அதுவரை வெள்ளைக்காரர் எவரையும் பாராமல் வாழ்ந்தவர்கள். அவர்களில் யுவாலி என்ற பெண்ணுக்கு அப்போது வயது பதினேழு. அலுவலர்களின் வண்டிகளைக் கண்டபோது, பாறைகளே உயிர்பெற்று உருண்டு வருவதாகத்தான் அவருக்குத் தோன்றியது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மணல்மேடுகளுக்குள் ஓடினார்கள். வண்டிகள் தடம் பார்த்துப் பின்தொடர்ந்தன. வாரக்கணக்கில் அவர்கள் ஒளிந்தும் நகர்ந்தும் தப்பித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இருபது பேரும் ஜிகலாங் மிஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இவையெல்லாம் தெரியவந்ததற்கு யுவாலியே காரணம். ரோந்து அலுவலர்களின் அறிக்கைகளையும் தன் நினைவுகளையும் அருகருகே வைத்து, ஆய்வாளர்கள் சூ டேவன்போர்ட், பீட்டர் ஜான்சன் ஆகியோரோடு சேர்ந்து அவர் ஒரு நூலை உருவாக்கினார். 2009இல் வந்த 'கான்டாக்ட்' என்ற ஆவணப்படத்தில் கேமராவைப் பார்த்து அவரே பேசுகிறார். அலுவலர்கள் அன்று எடுத்த படச்சுருளும் அதில் இருக்கிறது. ஒரே நாளை வண்டிக்குள் இருந்தவரும் மணல்மேட்டின் பின்னால் இருந்தவரும் எப்படிக் கண்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு ராக்கெட் வரலாற்றில் அரிது. எஞ்சினைப் பற்றி எழுதும் நூல்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் கடந்துவிடுகின்றன. அது தவறு. எரியறைக்குள் நெருப்பு நிலைத்து நிற்பது எவ்வளவு முக்கியமோ, ராக்கெட்டின் பாதைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பதும் அவ்வளவு முக்கியம். இரண்டும் ஒரே திட்டத்தின் பகுதிகள்.

முதல் ராக்கெட் 1964 ஜூன் 5 அன்று லேக் ஹார்ட்டிலிருந்து கிளம்பியது. இரு எஞ்சின்களும் குறையின்றி எரிந்தன. கடைசி நொடிகளில், ஏறக்குறைய காலியான தொட்டிகளில் எஞ்சியிருந்த திரவம் அலைபாய்ந்து ராக்கெட்டை ஆட்டியது. 147ஆவது நொடியில், திட்டமிட்டதற்குச் சற்று முன்பே எஞ்சின்கள் நின்றன. ராக்கெட் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. அதன் சிதைவுகளை 1980இல்தான் கைல்ஸுக்குத் தென்கிழக்கே பாலைவனத்தில் கண்டெடுத்தார்கள். இப்போது அவை கைல்ஸ் நிலையத்தில் இருக்கின்றன.

ஆயுதமாக வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது எப்படி அப்போது பறந்தது? செலவழித்த பணத்தை வீணாக்க மனமில்லாத பிரிட்டன், அதைச் செயற்கைக்கோள் ராக்கெட்டின் அடிக்கட்டமாக ஐரோப்பாவுக்குக் கொடுக்க முன்வந்தது. 1962இல் 'எல்டோ' என்ற ஐரோப்பிய ஏவுகல அமைப்பு ஒப்பந்தமானது. பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகளோடு ஏழாவதாக ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து சேர்ந்த ஒரே நாடு ஆஸ்திரேலியா. அது பணத்துக்குப் பதில் வூமராவைத் தந்தது. ராக்கெட்டுக்கு 'யூரோப்பா' என்று பெயரிட்டார்கள். அடியில் பிரிட்டனின் புளூ ஸ்ட்ரீக், நடுவில் பிரான்ஸின் கோராலி, உச்சியில் ஜெர்மனியின் அஸ்ட்ரிஸ்.

இந்த அடுக்கில்தான் கதையின் மிக வியப்பான இடம் இருக்கிறது. கோராலியைச் செய்தது பாரிஸுக்கு அருகே வெர்னோன் நகரில் இருந்த பிரெஞ்சு ராணுவத்தின் ஆய்வுக்கூடம். போர் முடிந்ததும் பிரான்ஸ் தன் பங்குக்குப் பீனமுண்டே பொறியாளர்கள் பலரை அங்கே கொண்டுவந்து குடியமர்த்தியிருந்தது. அமெரிக்காவுக்குப் போன வி-2வின் அறிவு ஆல்கஹாலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாறி, கடல் தாண்டி ரோல்ஸ்-ராய்ஸுக்கு வந்து புளூ ஸ்ட்ரீக் ஆனது. பிரான்ஸுக்குப் போன அதே அறிவு, தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும் வேறு ரசாயனங்களுக்கு மாறிக் கோராலி ஆனது. இருபது ஆண்டுகளாகப் பிரிந்து வளர்ந்த ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஓர் உப்பு ஏரிக்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

ஒன்று ஒவ்வொரு முறையும் பறந்தது. மற்றது அங்கே முதலில் தடுக்கி விழுந்தது. 1967 ஆகஸ்டில் கோராலி பற்றிக்கொள்ளவே இல்லை. டிசம்பரில் அது புளூ ஸ்ட்ரீக்கிலிருந்து பிரியவே இல்லை. 1968இலும் 1969இலும் ஜெர்மன் கட்டம் தோற்றது. 1970 ஜூன் 12 அன்று மூன்று கட்டங்களும் முதல்முறையாக ஒழுங்காக எரிந்தன. ஆனால் செயற்கைக்கோளை மூடியிருந்த கூம்பு கழன்று விழவில்லை. அந்தக் கூடுதல் எடையால் போதிய வேகம் வரவில்லை. செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் பிரெஞ்சு கயானாவின் கூரூவுக்கு இடம்மாறிய யூரோப்பா, அங்கே 1971 நவம்பரில் ஒரே ஒருமுறை கிளம்பி நடுவானில் உடைந்தது. பதினொரு ஏவல்களிலும் முதல் கட்டத்தின் பழுதால் வீணானது ஒன்றுகூட இல்லை. 1966இல் ஒன்றை மட்டும், அது தவறான திசையில் போவதாகக் கருவிகள் காட்டியதால் பாதுகாப்பு அலுவலர் அழித்தார். ராக்கெட் சரியான பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் முதல் செயற்கைக்கோளும் இதே குடும்பத்தின் தோளில்தான் ஏறியது என்பதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்கா தன் சோதனைகளுக்காக வூமராவுக்குப் பத்து ரெட்ஸ்டோன் ராக்கெட்டுகளைக் கொண்டுவந்தது, ஒன்று மிஞ்சியது, அதை ஆஸ்திரேலியாவுக்கே கொடுத்தது. 1967 நவம்பர் 29 அன்று அது 'ரெசாட்' என்ற சுமார் 45 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. பதினொரு மாதத்தில் கட்டி முடித்த செயற்கைக்கோள் அது. 18 கிண்ணங்களுக்குப் பதில் ஒரே தட்டை வைத்த அந்த எஞ்சினின் வழித்தோன்றல்தான் அதைத் தூக்கியது.

பிரிட்டன் 1968இல் எல்டோவிலிருந்து விலக முடிவெடுத்தது. 1973இல் யூரோப்பா திட்டம் கைவிடப்பட்டது. ஆர்இசட்-2வின் கிளை அத்தோடு நின்றது. அதற்குப் பதில் பிரான்ஸ் முன்வைத்த ராக்கெட் 'ஏரியான்'. அதன் 'வைக்கிங்' எஞ்சினை உருவாக்கிய குழுவின் தலைவர் கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கர். பீனமுண்டேயில் வேலை பார்த்து, போருக்குப் பின் வெர்னோனுக்கு வந்தவர். வூமராவில் இருமுறை தோற்ற கிளை அவர் கையில் செழித்தது. 1979 டிசம்பர் 24 அன்று, நான்கு வைக்கிங் எஞ்சின்களின் மேல் முதல் ஏரியான் கூரூவிலிருந்து வெற்றியாக எழுந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே வெர்னோனில் தமிழும் மலையாளமும் கேட்கத் தொடங்கிவிட்டன. 1974இல் இஸ்ரோவும் பிரெஞ்சு நிறுவனமான எஸ்இபியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்தியப் பொறியாளர்கள் அங்கே போய் வைக்கிங் வேலையில் தங்கள் உழைப்பைத் தந்தார்கள். கைம்மாறாக அந்த எஞ்சினைச் செய்யும் அறிவைப் பெற்றார்கள். நூறு ஆள்-ஆண்டு உழைப்புக்கு ஓர் எஞ்சினின் ரகசியம். பணம் குறைவாகவும் திறமை மிகுதியாகவும் இருந்த ஒரு நாடு அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடிய மிகச் சிறந்த பண்டமாற்று இதுதான். அந்தக் குழுவை நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். இருபது ஆண்டுகள் கழித்து, 1994இல், பொய்யான உளவு வழக்கில் அவர் கைதானதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டதும் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவை. அந்த வழக்கின் இரைச்சலில் மங்கிப்போனது அவர் குழு வெர்னோனில் செய்து முடித்த வேலை. 1985இல் இந்தியாவில் செய்த எஞ்சினை அவர்கள் வெர்னோனின் மேடையில் வைத்து எரித்துக் காட்டினார்கள். அதுதான் 'விகாஸ்'.

பிறகு விகாஸின் சோதனைகள் மகேந்திரகிரிக்கு வந்தன. பணகுடி, காவல்கிணறு பக்கத்து மக்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையடியிலிருந்து எழும் அந்த முழக்கம் பழகிப்போன ஒன்று. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் இருக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ்கள் எரிந்தன. விகாஸின் எரியறையில் ஆர்இசட்-2வில் இருந்த குழாய்ச் சுவர் கிடையாது. எரிபொருளின் ஒரு பங்கு சுவரோரமாகப் படலம்போல் வழிந்து அதைக் காக்கிறது. அதன் திரவங்கள் நச்சு மிகுந்தவை. ஆனால் தொட்டியில் நிரப்பி வைத்துக் காத்திருக்கலாம், பற்றவைக்கத் தனிக் கருவியும் வேண்டாம். புளூ ஸ்ட்ரீக்குக்கு இல்லாமல்போன அந்த வசதியைத்தான் 1960களின் ராணுவங்கள் தேடின.

மற்ற கிளையின் எரிபொருளும் இப்போது அதே மலையடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும், 200 டன் உந்துவிசைக்கான எஞ்சினை இஸ்ரோ உருவாக்கிவருகிறது. 2025 மார்ச் 28 அன்று மகேந்திரகிரியில் அதன் பம்புகளும் டர்பைனும் கொண்ட தலைப்பகுதி இரண்டரை நொடி எரிந்தது. இந்த எஞ்சினின் வடிவமைப்பு ஆர்இசட்-2 வழி வந்ததல்ல. இரண்டுக்கும் பொதுவானவை அந்த இரண்டு திரவங்களும் அவற்றை அடக்கி ஆள்வதன் சிரமமும்தான்.

பாதையின் கேள்வியும் எஞ்சினோடு சேர்ந்தே இந்தியாவுக்கு வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைக்கத் தீவிலிருந்த யானாதிப் பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டார்கள்; அவர்களில் ஒரு யுவாலியின் நூலோ படமோ நம் கைக்கு இன்னும் வரவில்லை. பாதைக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேர்த்தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலே போகும். ஆகவே அது முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேல் போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகுதான் தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. தூக்கிச் செல்லும் எடை குறைகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உறவுகள் உள்ள வெஸ்ட்மீட் குடும்பங்கள் பலவற்றுக்கு, தங்கள் சொந்தங்களின் தலைக்கு மேலே ராக்கெட் பறக்காமலிருக்க இப்படிப்பட்ட ஒவ்வொரு ஏவலிலும் இந்த விலை கொடுக்கப்படுகிறது என்பது செய்தியாக இருக்கலாம். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கும் இதுவே முக்கியக் காரணம். அங்கிருந்து நேர்த்தெற்கே கோடு இழுத்தால் அண்டார்டிகாவரை கடல்தான்.